கார் ஓட்டாமல் வெளிவேலைகள்: எந்த வேலைக்கு எதில் போவது?

கார் ஓட்டாதவர்கள் பல வகை. பார்வைக் குறைவு, வலிப்பு போன்ற காரணங்களால் ஓட்டக் கூடாதவர்கள் உண்டு. ஓட்டப் பயப்படுகிறவர்கள், வயதான பிறகு ஓட்டுவதை நிறுத்தியவர்கள், கார் வாங்கிப் பராமரிக்க வசதி இல்லாதவர்கள், வேண்டாம் என்று தீர்மானித்தவர்கள் என்று பட்டியல் நீளும். நானும் ஓட்டுவதில்லை. எங்கள் எல்லோருக்கும் வாரம் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று இருக்கிறது. மளிகை, மருந்து, வங்கி, மருத்துவர், பார்சல், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என்று வந்துகொண்டே இருக்கிற வேலைகளில் எதற்கு நடப்பது, எதற்கு பஸ், எதற்கு சைக்கிள், எதற்கு டாக்ஸி, எதை வீட்டுக்கே வரவழைப்பது?

வழக்கமாக இதை வேகத்தையும் செலவையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, தாமதமானால் என்ன ஆகும் என்பதை. தாமதம் ஒவ்வொரு வழியிலும் ஒவ்வொரு விதமாக வருகிறது. நடந்தால் மெதுவாகத்தான் போவோம், ஆனால் எப்போது போய்ச் சேர்வோம் என்று கிளம்பும்போதே தெரியும். பஸ்ஸில் சராசரி நேரம் குறைவு, மோசமான நாளில் ஆகும் நேரம் அதிகம். டாக்ஸி மற்ற நாளெல்லாம் ஐந்தே நிமிடத்தில் வந்து நிற்கும், ஊருக்கே தேவைப்படுகிற மழை நாளில் கிடைக்காது. டெலிவரியில் காத்திருப்பு தெருவிலிருந்து வீட்டுக்குள் இடம் மாறுகிறது. வேலைகளிலும் இதே மாதிரி வித்தியாசம் உண்டு. சிலவற்றுக்குப் பத்து நிமிடம் பிந்தினால் ஒன்றும் ஆகாது. சிலவற்றுக்கு அதே பத்து நிமிடத்தில் அன்றைய நாளே போய்விடும். எந்த வேலைக்கு எந்த வகைத் தாமதத்தைத் தாங்க முடியும் என்று பார்த்துப் பொருத்தினால் முடிவெடுப்பது எளிது.

ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் மருந்துக் கடை இருக்கிறது என்று வையுங்கள். சாதாரண நடை மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக 19 நிமிடம். இதே தூரத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது, நிறுத்தத்துக்கு நடக்க 4 நிமிடம், பயணம் 5 நிமிடம். பஸ் ஒழுங்காக ஓடினால் சராசரிக் காத்திருப்பு ஏழரை நிமிடம், மொத்தம் பதினாறரை. பஸ் ஜெயித்தது போலத் தெரிகிறது. ஆனால் நிறுத்தத்தை எட்டும்போது ஒன்று கண்ணெதிரே கிளம்பிப் போனால் 24 நிமிடம். கடை மூட 20 நிமிடம் இருக்கும்போது நடந்தால் மருந்து கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்லலாம். பஸ்ஸை நம்பினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சைக்கிள் என்றால் ஓட்டுவது 6 நிமிடம், பூட்டைத் திறந்து பூட்டுவதற்கு இன்னும் மூன்று நான்கு. உடம்பு ஒத்துழைத்தால், பத்திரமாகப் பூட்டி வைக்க இடமும் இருந்தால், இந்தத் தூரத்துக்கு அதை மிஞ்சுவது எதுவும் இல்லை.

இதில் இன்னொரு சங்கடம், நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பொறுமை இழந்து நடக்கத் தொடங்குவது. 2008-இல் மூன்று கணித ஆய்வாளர்கள் இதையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான சூழலில் நின்று காத்திருப்பதே மேல், நடப்பதானால் காத்திருக்கத் தொடங்கும் முன்பே நடக்க முடிவு செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் கண்ட விடை. காத்திருந்த பிறகு நடந்தால் காத்திருந்த நேரமும் போச்சு, இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் பஸ் நம்மைக் கடந்து போவதையும் பார்க்க வேண்டி வரும். அதனால் முடிவை வீட்டு வாசலிலேயே எடுத்துவிடுவது நல்லது. ஒரு கிலோமீட்டர் அளவில் சின்னத் தூரம், பஸ்ஸோ மணிக்கு ஒன்றுக்கும் குறைவு என்றால் தயங்காமல் நடக்கலாம்.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கார் ஓட்டாதவரின் வாழ்க்கையில் அதிகம் சோதிப்பதும் அதுதான், அதிகம் தாங்குவதும் அதுதான். அரை மணி நேரம் எதையும் காணோம், அப்புறம் மூன்று சேர்ந்து வருகின்றன என்று எல்லா ஊரிலும் புலம்புவார்கள். இது ஓட்டுநர்களின் அலட்சியம் இல்லை. ஒரு பஸ் சிறிது பிந்தினால் அடுத்த நிறுத்தத்தில் அதற்காகக் காத்திருப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். அவர்கள் ஏற நேரம் பிடிக்கிறது, பஸ் மேலும் பிந்துகிறது. பின்னால் வருவதற்கோ ஆட்கள் குறைவு, அது விரைந்து வந்து முன்னதை நெருங்கிவிடுகிறது. 1964-இலேயே கோர்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இருவர் இதைக் கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள். தலையிட்டுத் திருத்தாவிட்டால் பஸ்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும்.

பயணிக்கு இதனால் ஆகும் நஷ்டம் தோன்றுவதைவிடப் பெரிது. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று அறிவித்த தடத்தில் பஸ்கள் இரண்டிரண்டாக, 2 நிமிடம், 18 நிமிடம், மறுபடி 2, மறுபடி 18 என்ற இடைவெளியில் வருவதாக வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை குறையவில்லை, மணிக்கு ஆறுதான். ஆனால் நீங்கள் நிறுத்தத்துக்குப் போகும் நேரம் அந்த 18 நிமிட இடைவெளிக்குள் விழுவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்பது. சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம் இருக்க வேண்டியது 8 நிமிடத்தைத் தாண்டிவிடுகிறது. அதோடு, நின்று காத்திருக்கும் ஒரு நிமிடம் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரமாக இருப்பதாகப் போக்குவரத்துத் திட்டமிடுபவர்களே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நிழலோ உட்காரும் இடமோ இல்லாத நிறுத்தம் என்றால் இன்னும் கூடும் என்பது என் அனுபவம். இரண்டு பஸ் சேர்ந்து வந்தால் பின்னதில் ஏறுங்கள். பெரும்பாலும் காலியாக இருக்கும், சேரும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

செல்பேசியில் பஸ் வரும் நேரம் தெரிகிற ஊர்களில் இந்தப் பாரம் குறைகிறது. ஆனால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சில சமயம் அது ஜிபிஎஸ் மூலம் கிடைக்கும் உண்மை இருப்பிடம், சில சமயம் அச்சிட்ட கால அட்டவணையை அப்படியே காட்டுவது. பல ஆப்களில் நேரலைத் தகவலுக்கு மட்டும் ஒரு சிறிய அலைக்குறியோ வேறு நிறமோ இருக்கும். அது இல்லாத எண்ணை நம்பி மருத்துவரிடம் கிளம்பாதீர்கள்.

மாறி ஏறும் பயணத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும். அடிக்கடி வரும் வண்டியிலிருந்து அரிதாக வரும் வண்டிக்கு மாறும் இடத்தில்தான் ஆபத்து. மணிக்கு ஒன்று ஓடும் பஸ்ஸை இரண்டு நிமிடத்தில் விட்டால் 58 நிமிடம் நிற்க வேண்டும். திரும்பும்போது அதே பயணம், அரிதிலிருந்து அடிக்கடிக்கு, பயமே இல்லை. ஆகவே கையிருப்பு நேரம் எல்லாவற்றையும் அந்த அரிதான வண்டிக்கு முன்னால் வையுங்கள், வேறு எங்கும் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 1982-இலிருந்து நாடு முழுவதும் ரயில்கள் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் கிளம்பும்படி அட்டவணை அமைத்தார்கள், இணைப்பு வண்டிகளையும் அதற்கேற்பப் பொருத்தினார்கள். அப்படி ஓடும் இடத்தில் வசிப்பவர் அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம், ஒரே ஒரு நிமிட எண்ணை மனதில் வைத்தால் போதும். மற்ற இடங்களில் அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்கு வேண்டிய நான்கைந்து தடங்களின் கடைசி வண்டி நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன். திட்டமிடுவது எப்போதும் அதற்கு முந்தைய வண்டிக்குத்தான். கடைசி வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது மறுநாள் காலையில்தான்.

இலவசப் பயணம் பற்றியும் ஒரு வார்த்தை. லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுவதும் பஸ், டிராம், ரயிலின் சாதாரண வகுப்பைக் கட்டணமில்லாமல் ஆக்கியது. வசதி குறைந்தவர்களுக்கு இது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனாலும் வெளிவேலை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால், இலவசமாக அரை மணிக்கு ஒன்று வருவதையும், காசு கொடுத்துப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருவதையும் என் முன் வைத்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சின்னச் சின்ன வேலைகளை ஒரே சுற்றில் இறங்கி ஏறி முடிக்க அது ஒன்றுதான் விடும்.

இனி சுமை. போகும்போது நேரம் முக்கியம், வரும்போது கையில் இருப்பது முக்கியம். காரில் போகிறவர் எங்கே நிறுத்தினாரோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. போக பஸ், வர டாக்ஸி என்று பிரிக்கலாம். நடந்து போய் பஸ்ஸில் வரலாம். இந்தச் சுதந்திரத்தைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. டாக்ஸி என்றால் இரண்டு பக்கமும் டாக்ஸி, பஸ் என்றால் இரண்டு பக்கமும் பஸ் என்று நினைக்கிறார்கள். மளிகைக்கு டாக்ஸி ஆடம்பரம் என்று தோன்றுவதற்கு அதுதான் காரணம். திரும்பும் ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் செலவு பாதி, சுமையின் கஷ்டம் முழுவதும் நீங்குகிறது. வரும்போது அவசரமும் இல்லை, வண்டி கிடைக்கப் பதினைந்து நிமிடம் ஆனாலும் பொறுக்கலாம். மாறாக, குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய பயணத்துக்கு ஆப் டாக்ஸியை மட்டுமே நம்புவது எனக்குப் பிடிக்காது. மழை, பண்டிகை, அலுவலகம் விடும் நேரம் ஆகியவற்றில் கேட்பவர்கள் கூடுகிறார்கள், கட்டணம் ஏறுகிறது, ஏற்றுக்கொண்ட ஓட்டுநர் ரத்து செய்வதும் நடக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்தாலும் பல ஆப்களில் அது உறுதி இல்லை, அந்த நேரத்தில் வண்டி தேடத் தொடங்குவார்கள், அவ்வளவுதான். பழக்கமான ஓட்டுநர் ஒருவரின் எண்ணை வைத்திருப்பது இந்த இடத்தில் எந்த ஆப்பையும்விட மதிப்பு.

சைக்கிளுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது, அதையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். போனது சைக்கிளில் என்றால் மழை பிடித்தாலும் உடம்பு சரியில்லாமல் போனாலும் வருவது சைக்கிளில்தான். ஆனால் சுமையில் அது நடையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பல கேரியர்களில் தாங்கும் எடை 25 கிலோ என்று பொறித்தே இருக்கும். இரண்டு பக்கமும் தொங்கும் பைகளில் எடையைச் சமமாகப் பிரித்தால் ஒரு வாரச் சாமான் வந்துவிடும். மேடு அதிகமான இடங்களில் மின்சார சைக்கிள் பெரிய உபகாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் வரை மட்டும் உதவும் வண்டி சைக்கிளாகவே கருதப்படுகிறது. வேறு நாடுகளில் எல்லை மாறும், வாங்கும் முன் உரிமம் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவக் காரணத்தால் ஓட்டக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் சைக்கிளுக்கும் மருத்துவரிடம் தனியாகக் கேட்பதே சரி.

நடப்பவர்களுக்குச் சக்கரம் வைத்த இழுபை நல்லது, படிக்கட்டு இல்லாதவரை. படி ஏறி பஸ்ஸுக்குள் அதைத் தூக்க வேண்டும் என்றால் முதுகுப் பைதான். பல கடை ஏறி இறங்கும் நாளில் வரிசையும் முக்கியம். நேரம் குறித்த வேலை முதலில், தூரத்துக் கடை அடுத்து, கனமானதும் குளிரில் இருக்க வேண்டியதும் வீட்டுக்கு அருகில் கடைசியாக. அரிசி மூட்டை, தண்ணீர் கேன் போன்றவற்றை நானாகச் சுமப்பதே இல்லை, அதற்கு டெலிவரி.

டெலிவரி பற்றி எனக்கு இரண்டு மனம். கனமான, கெட்டுப்போகாத, எல்லா மாதமும் ஒரே மாதிரி வாங்குகிற சாமானுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு அது உயிர்நாடி. ஆனால் இன்று மாலைக்குள் கட்டாயம் வேண்டும் என்கிற ஒன்றுக்கு அது மோசமான தேர்வு. மதியம் இரண்டிலிருந்து ஆறுக்குள் வரும் என்றால் அந்த நான்கு மணி நேரமும் நீங்கள் வீட்டில் கட்டப்பட்டிருக்கிறீர்கள். மாடியில் இருக்கும்போது கீழே வந்தவர் அழைப்பு எடுக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போனால், அடுத்த நாள் மறுபடி. வழியில் இருக்கும் ஒரு கடையிலோ பார்சல் பெட்டியிலோ விட்டுவைக்கும் வசதி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கிறேன், வேறொரு வேலைக்குப் போய்வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

போன இடத்தில் ஆகும் தாமதத்தை ஒப்பீடுகளில் யாரும் சேர்ப்பதில்லை. கார் வைத்திருப்பவருக்கு மருத்துவரிடம் 40 நிமிடம் கூடினால் 40 நிமிடம் நஷ்டம். நமக்கு அந்த 40 நிமிடத்தில் மணிக்கு ஒன்று ஓடும் பஸ் போயிருந்தால் நஷ்டம் முழுதாக ஒரு மணி நேரம். வரிசைகளின் இயல்பும் நமக்கு எதிராகவே இருக்கிறது. ஒரே கவுண்டர், ஆட்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் தோன்றிய நேரத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்ற எளிய கணக்கில், கவுண்டர் 80% நேரம் வேலையாக இருந்தால் சராசரிக் காத்திருப்பு ஓர் ஆளுக்கு ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90% என்றால் 9 மடங்கு. 95% என்றால் 19. கூட்டம் சற்றே குறைந்த நேரத்துக்குப் போனாலும் காத்திருப்பு பாதிக்கு மேல் குறைந்துவிடும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மருத்துவரிடம் நாளின் முதல் நேரத்தைக் கேளுங்கள். முன்னால் வந்தவர்களின் தாமதம் சேர்ந்துகொண்டே போகும், முதல் ஆளுக்கு முன்னால் யாரும் இல்லை. பஸ் நேரத்தைச் சொல்லி, இந்த மணிக்குள் நான் கிளம்ப வேண்டும், முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்பதில் தவறு எதுவும் இல்லை. பலர் உதவவே செய்கிறார்கள்.

தெரிந்தவர்களிடம் கேட்பதும் ஒரு வழிதான், அதை ஒப்பீட்டிலிருந்து விட்டுவிடக் கூடாது. கடமைப்பட்டுவிடுவோம் என்ற கூச்சத்தில் கேட்காமலே கஷ்டப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், குறிப்பாக வயதானவர்கள். என்னைக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்பதைவிட, அந்தப் பக்கம் நீங்கள் எப்போது போவீர்கள், நானும் வரலாமா என்று கேட்பது இரு பக்கமும் இலகுவாக இருக்கிறது. அவர் நேரத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டும், அதனால் அவசரமில்லாத வேலைகளுக்கே இது பொருந்தும். மருத்துவமனையில் மயக்கம் கொடுத்துச் செய்யும் சிறு சிகிச்சை, கண்ணில் மருந்து விட்டுச் செய்யும் பரிசோதனை போன்றவற்றுக்கு மட்டும் இது முதல் தேர்வாக இருக்கட்டும். அன்று தனியாக பஸ்ஸில் திரும்புவது பாதுகாப்பில்லை. நெஞ்சுவலி, பக்கவாதம் போன்ற அவசரத்துக்கு இந்த ஒப்பீடு எதுவுமே பொருந்தாது, ஆம்புலன்ஸ்தான். அந்த எண்ணும், செல்பேசி அணைந்துபோனால் தேவைப்படும் மற்ற இரண்டு மூன்று எண்களும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் இருக்கட்டும். இப்போது டிக்கெட், வழி, டாக்ஸி மூன்றும் ஒரே பேட்டரியில் ஓடுகின்றன.

இத்தனை ஒப்பிட்ட பிறகும், தாமதத்தை அதிகம் தாங்கவைப்பது வீட்டு அலமாரி என்றே சொல்வேன். தினசரி மாத்திரை ஒரு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிட்டால், மருந்துக் கடைப் பயணம் எந்த நாளுக்கும் நகர்த்தக்கூடியதாகிவிடுகிறது. நகர்த்த முடிந்த வேலைக்கு மெதுவான, மலிவான எந்த வழியும் போதும். சோப்பு, பல்பு, எழுதும் தாள், பிள்ளைகளுக்கான பொருட்கள் எதிலும் ஒன்று கூடுதலாக வைத்திருப்பது அதே காரணத்துக்காகத்தான்.

வீடு மாறும் வாய்ப்பு வரும்போது மட்டும் வேறு எதையும்விட இதற்கு முக்கியத்துவம் கொடுங்கள். ஒரு அறை குறைவாக இருந்தாலும், மருந்துக் கடையும் மளிகையும் நடை தூரத்தில் இருக்கிற, அடிக்கடி பஸ் ஓடும் தடத்துக்கு ஐந்து நிமிடத்தில் இருக்கிற வீட்டை எடுப்பேன். வீட்டுக்காரர் பஸ் வசதி இருக்கிறது என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டாம். ஒரு வேலை நாள் இரவு எட்டரை மணிக்கும், ஒரு ஞாயிறு மதியமும் அந்த நிறுத்தத்தில் போய் நின்று, எத்தனை நிமிடத்தில் ஒன்று வருகிறது, விளக்கு எரிகிறதா, உட்கார இடம் இருக்கிறதா, சாமான் பையோடு சாலையைக் கடக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.